எண்ணித் தைத்த பூக்கள்: சப்ரகமுவத் தோட்டங்களின் ஊசிவேலை பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தமிழில் ‘தையல்’ என்னும் சொல் ஊசித் தொழிலையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது; பழைய வழக்கில் அழகு என்னும் பொருளும் அதற்குண்டு. இம்மூன்றையும் ஒரு சொல்லுள் அடக்கிய மொழியில், பெண்கள் தம் வீட்டில் அழகின் பொருட்டுச் செய்யும் ஊசிவேலை திறனாய்வாளரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுண்டொழில் புரிந்த காருகரைப் புகார் நகரின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. அவர்கள் ஊரறியத் தொழில் செய்த நெசவாளர். வீட்டினுள் இருந்து தைத்தவளின் கைவேலையோ பெரும்பாலும் பெயரின்றியே நின்றுவிட்டது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் பண்பாட்டைப் பற்றிப் பேசும்போதும் இந்நிலையே தொடர்கிறது. நாட்டார் பாடலும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் கலைகளாக ஏற்கப்பட்டுள்ளன. தலையணை உறையிற் பூத்த ரோசாப்பூ அவ்வரிசையில் வைத்து எண்ணப்படுவதில்லை. அது எண்ணப்பட வேண்டியதா, ஆயின் எந்த அளவுகோலால் மதிப்பிடப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

இரத்தினபுரி மாவட்டத்துப் பெல்மதுளையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். இரத்தினபுரியிலிருந்து வரும் வீதி பலாங்கொடைக்கும் எம்பிலிப்பிட்டியவுக்கும் பிரிந்து செல்லும் சந்தி அது. தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்வதும், மாணிக்கக் கற்குழிகளும் சிங்களக் கிராமங்களும் தோட்ட லயங்களும் அருகருகே அமைந்திருப்பதும் இப்பகுதியின் இயல்பு. நுவரெலியாவின் பரந்த தேயிலைப் பிரதேசத்தைப் போலன்றி, இங்கு தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. அவற்றின் லயக் காம்பராக்களிலே தலையணை உறை, மேசை விரிப்பு, கைக்குட்டை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடும் மூடுதுணி, சாமிப் படத்தின் கீழ் விரிக்கும் துணி ஆகியவற்றில் பூவேலை காணக்கூடியது. பாடசாலைத் தையல் வகுப்பிற் கற்ற காம்புத் தையல், சங்கிலித் தையல், மீன்முள் தையல் ஆகியவற்றோடு குறுக்குத் தையலும் இவற்றில் இடம்பெறுகின்றது. கடையில் வாங்கிய கட்டத் துணி கிடையாதபோது, இழை தெளிவாகத் தெரியும் எந்தப் பருத்தித் துணியும் அதற்கு இடங்கொடுக்கும்.

இவ்வேலையைப் பற்றிப் பொதுவாக இரண்டு தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. முதலாவது, இது அச்சிட்ட மாதிரியைப் பார்த்துச் செய்யும் நகல். கற்பனை இல்லாதவிடத்துக் கலை இல்லை என்பது. இரண்டாவது, இது ஒரு பொழுதுபோக்கு. சந்தைப்படுத்தி வருமானம் ஈட்டும்போதுதான் இதற்குப் பயன் உண்டு என்பது. முன்னையது கலைநோக்கு எனவும் பின்னையது சமூகநோக்கு எனவும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. உண்மையில் இரண்டும் தைப்பவளைக் காணாது, தைத்து முடிந்த துணியை மட்டுமே காண்கின்றன.

முதலாவது தீர்ப்பின் வேரை அறிய, இதே சப்ரகமுவ மலைகளில் நடமாடிய ஒருவரை நினைவுகூர்தல் வேண்டும். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் துறையின் பணிப்பாளராக விளங்கினார். தோரியனைற்று என்னும் கனிமத்தைப் பலாங்கொடைப் பகுதியில் இனங்கண்டு 1904இல் உலகிற்கு அறிவித்தவரும் அவரே. பாறைகளைத் தேடிச் சென்றவரின் கண்ணிற் பட்டவை, அழிந்துகொண்டிருந்த கண்டியக் கைவினைகள். அவருடைய மனைவி எதெல் அவ்விடங்களில் நிழற்படங்கள் எடுத்ததோடு, சிங்களப் பூவேலையைத் தனியே ஆராய்ந்தும் எழுதினார். நீல நூலும் சிவப்பு நூலும் கொண்டு சங்கிலித் தையலால் அணிசெய்யப்பட்ட வெற்றிலைப் பைகள் அவ்வாராய்ச்சியால் கலைப்பொருள்களாகக் கவனம் பெற்றன. இவர்களின் உழைப்பின் பயனாக 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல், உழைப்பில் விளையும் இன்பமே கலையின் ஊற்று எனப் போதித்த வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில் அச்சேறியது. எதெல் பிற்காலத்தில் எதெல் மைரே என்னும் பெயரில் இங்கிலாந்தின் முன்னணி நெசவுக் கலைஞராகத் திகழ்ந்தார்.

குமாரசுவாமியின் அளவுகோல் மரபு என்பதாகும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த வடிவம், அதனைப் பேணிய குடி, அதனை ஆதரித்த அரசும் கோயிலும் ஆகியன சேர்ந்தே ஒரு கைவினையை வாழ்விக்கின்றன என அவர் கண்டார். ஐரோப்பிய நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றும் போக்கை 1905இல் ‘இரவற் சிறகுகள்’ எனப் பொருள்படும் தலைப்பிட்ட சிறு வெளியீட்டிலே கண்டித்தார். இவ்வளவுகோலை அப்படியே லயத்துத் தலையணை உறையின்மீது வைத்தால், அது நிச்சயம் தோற்கும். அதற்கு அரசன் இல்லை. குலத்தொழில் என்னும் உரிமை இல்லை. அதன் ரோசாப்பூ ஐரோப்பாவின் மாதிரிப் புத்தகங்களின் வழிவந்தது. 1886இல் தெரேஸ் த தில்மோன் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியமும், பிரான்சின் மூலூஸ் நகரைச் சேர்ந்த டீ.எம்.சீ. நூல் நிறுவனத்தின் மாதிரி ஏடுகளும் உலகெங்கும் பரப்பிய பூங்கொத்துகளின் தூரத்து உறவே அது.

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் குடியமர்த்தப்பட்ட மக்களுக்கு, மரபு என்பது எந்த வழியாக வந்து சேர்ந்திருக்கக்கூடும்? அரசனையும் கோயிலையும் நிலத்தையும் இழந்தவர்களிடம் அவற்றின் பயனாகிய மரபினைத் தேடுவது நியாயமான சோதனை ஆகாது. கலை ஒருசிலரின் தனியுரிமை அன்று என்பதும் குமாரசுவாமி வலியுறுத்திய கொள்கையே. அவருடைய அளவுகோல் தள்ளிவிடும் பொருளை, அவருடைய கொள்கை ஏற்றுக்கொள்கிறது. இம்முரணை இனங்காண்பதே லயத்து ஊசிவேலையை மதிப்பிடுவதற்கான முதற்படியாகும்.

குறுக்குத் தையலின் செய்முறையை நோக்கினால் அடுத்த படி தெளிவாகும். துணியை நான்காக மடித்து அதன் நடுப்புள்ளியைக் காண்கிறார்கள். ஆறு புரி கொண்ட நூலிலிருந்து இரண்டு புரிகளைப் பிரித்தெடுக்கிறார்கள். கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்கோடு ஒன்று. வரிசை முடிந்து திரும்புகையில் அதன் குறுக்கே மற்றொன்று. மேலே விழும் கோடுகள் யாவும் ஒரே திசையிற் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் ஒளிபடும்போது அவ்விடம் தனித்துத் தெரிந்துவிடும். துணியில் எந்த வரைவும் இல்லை. முழு உருவமும் எண்ணிக்கையிலேயே இருக்கின்றது. ஏழாவது வரிசையில் ஒரு கட்டத்தைத் தவறாக எண்ணினால், பதினைந்தாவது வரிசையில் அன்னத்தின் கழுத்து முறியும். அதுவரை தைத்ததைப் பிரித்தாக வேண்டும். நல்ல வேலையை அறிவதற்குத் துணியின் பின்புறத்தைப் பார்ப்பது வழக்கம். அங்கு முடிச்சு இராது. நூல் தாறுமாறாகத் தாவி ஓடியிராது.

இவ்வெண்ணிக்கையை நகல் எனத் தள்ளிவிடுதல் எளிதன்று. மார்கழியிலும் தைப்பொங்கலிலும் வாசலிற் புள்ளியிட்டுக் கோலம் போடும் கை, கட்டத் துணிக்கு முன்னரே எண்ணக் கற்ற கையாகும். ஒற்றைப்படைப் புள்ளியும் ஊடுபுள்ளியும் அறிந்தவளுக்குக் குறுக்குத் தையலின் கணக்கு அயலானதன்று. மாதிரி வெளியிலிருந்து வந்தது. அதனை நடத்திச் செல்லும் அறிவு வீட்டு வாசலிலேயே இருந்தது. தென்னிந்தியாவிலும் இவ்வறிவுக்கு உறவுகள் உண்டு. நீலகிரியின் தோடர் குலப் பெண்கள், வரைவு எதுவுமின்றி இழையை எண்ணியே, வெண்ணிறப் பருத்திப் போர்வையிற் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கின்றனர். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கருநாடகத்தின் தார்வாடுப் பகுதிக்குரிய கசூத்தி வேலையிலே குறுக்குத் தையல் வெந்தயத்தின் பெயரால் அழைக்கப்படுகின்றது. எனவே இத்தையலை முற்றாக இரவற் சிறகு எனக் கூறுவது பொருந்தாது. அண்ணளவாகச் சொல்வதாயின், பூ அயலூருக்குரியது, கணக்கு நம்மூருக்குரியது.

கணக்கு என்னும் இச்சொல்லிலேதான் லயத்து ஊசிவேலையின் சமூகப்பொருளும் தங்கியுள்ளது எனலாம். தோட்டத்துப் பெண்ணின் பகல், பிறர் வைத்த கணக்கில் நடப்பது. பிரட்டுக்கு நேரம் உண்டு. கொழுந்துக்கு இத்தனை கிலோ என்ற நிர்ணயம் உண்டு. நிறுவைத் தராசின்முன் சாக்கிற்கும் ஈரத்திற்கும் என்று கழிவு உண்டு. நிர்ணயித்த நிறை சேராவிடின் அன்றைய நாளுக்கு அரைப்பேரே விழும். அவள் விரல்கள் ஓய்வின்றி எண்ணப்படுகின்றன. எண்ணும் உரிமை மட்டும் அவற்றுக்கு இல்லை. அதே விரல்கள், கொழுந்துக் கறையைக் கழுவிவிட்டு வெள்ளைத் துணியைக் கையிலெடுக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. எத்தனை கட்டம், எத்தனை வரிசை, எந்த நிறம், இன்று எங்கே நிறுத்துவது என்பவற்றையெல்லாம் அவளே தீர்மானிக்கிறாள். தவறியதைப் பிரிப்பவளும் அவளே. அதற்காக எவரும் அவளது பேரைக் குறைப்பதில்லை. மொறிஸ் கூறிய உழைப்பின் இன்பம் இங்கு ஏட்டுக் கொள்கையாக இல்லை. மாலையில் இஸ்தோப்பில் எஞ்சியிருக்கும் வெளிச்சத்தில் அது கண்கூடாக நிகழ்கின்றது.

ஆயினும் இவ்வின்பத்தை மிகைப்படுத்துதலும் தவறாகும். வீட்டுக் கைவேலைக்கு ஓய்வு தேவை. அவ்வோய்வு எங்கிருந்து வருகின்றது என்று கேட்க வேண்டும். இரத்தினபுரி மாவட்டம் மழை மிகுந்தது. காலையில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் இறப்பர்ப் பால் வெட்டு நடைபெறாது. பால் வெட்டும் பெண்ணுக்கு ஊசியெடுக்கக் கிடைக்கும் பகற்பொழுது, பெரும்பாலும் அன்றைய வருமானத்தை இழந்த பொழுதேயாகும். அடுப்பில் என்ன வைப்பது என்ற கவலைக்கு நடுவிலேதான் அன்னத்தின் சிறகு வெள்ளை நூலிற் பிறக்கின்றது. ஆங்கிலக் கலைவரலாற்றாசிரியர் ரொசிக்கா பார்க்கர் 1984இல் வெளியிட்ட நூலொன்றில், ஊசிவேலை பெண்களை அடக்கமுடையவர்களாகப் பழக்கிய கருவியாகவும், அதே வேளை அவ்வடக்கத்தை எதிர்ப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த கருவியாகவும் இருந்ததைக் காட்டினார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளின் வரலாறு. அவ்வீடுகளிற் சிலவற்றில் பெண் தைத்தமை, அவள் உழைத்து உண்ண வேண்டியதில்லை என்பதற்கு அடையாளமாயிருந்தது. லயத்திலோ, உழைத்து ஓய்ந்த கையே மீண்டும் ஊசியை எடுக்கின்றது. இவ்வேறுபாட்டைக் கருதாது மேலைத்தேயத் திறனாய்வை அப்படியே பெயர்த்து வைத்தலும் இன்னொரு வகை நகலே.

இனி, இவ்வேலையின் குறைகளையும் கூறாதுவிடலாகாது. தேயிலைக்கு நடுவே வாழ்வோர் தைத்த துணியில் தேயிலைச் செடியைக் காண்பது அரிது. கூடையும் மலையும் இறப்பர் மரத்துச் சிரட்டையும் அங்கில்லை. ரோசா, மயில், அன்னம், கிளிச்சோடி, பூக்கூடை ஆகியனவே மீண்டும் மீண்டும் வருகின்றன. வாழ்த்துச் சொற்களும் ஆங்கில எழுத்துகளிலேயே அமைந்துள்ளன. அவற்றிற் சில எழுத்துப் பிழையோடு நிற்கின்றன. வாழ்க்கையைப் பிரதிபலிக்காத கலை எனத் திறனாய்வாளர் ஒருவர் இதனைக் கண்டிக்கக்கூடும். அக்கண்டனத்தில் ஒரு பாதி உண்மையுண்டு. கையில் அகப்பட்ட மாதிரிக்கு அப்பாற் செல்லும் துணிவை எவரும் இப்பெண்களிடம் வளர்க்கவில்லை. தையல் வகுப்புகள் பிழையின்றித் தைத்தலைக் கற்பித்த அளவுக்கு, புதிதாக வரைதலைக் கற்பிக்கவில்லை.

மறுபாதி ஆழ்ந்து நோக்கற்பாலது. பகல் முழுதும் தேயிலைச் செடியை நோக்கிக் குனிந்தவள், இரவில் தலை சாய்க்கும் உறையிலும் அதனையே தைத்து வைக்க வேண்டுமென எதிர்பார்ப்பவர் யார்? தோட்டத்தைக் காட்சியாகக் காண்பவர்க்கே கொழுந்துக் கூடை ஓர் அழகிய சின்னம். தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் அப்படம் போதுமான அளவு அச்சிடப்பட்டுள்ளது. நிர்ணயமும் நிறுவையும் இல்லாத ஒரு செடியாக ரோசாவை அவள் தேர்ந்திருக்கக்கூடும் என்பதைத் திறனாய்வு கணக்கிற் கொள்ள வேண்டும். யதார்த்தம் என்பது படத்தில் உள்ள பொருளில் மட்டும் இருப்பதன்று. எதைத் தன் படத்தினுள் விடமாட்டேன் என ஒருத்தி முடிவு செய்வதிலும் அது இருக்கின்றது.

நிறத் தேர்வும் இவ்வாறே ஆராயத்தக்கது. மாதிரியேட்டில் ஐந்து சாயல் இளஞ்சிவப்புக் குறிக்கப்பட்டிருக்கும். நகரக் கடையில் இரண்டே கிடைக்கும். எஞ்சிய மூன்றின் இடத்தில் எதனை வைப்பது என்பதை ஏடு கூறுவதில்லை. அங்கே ஒரு மஞ்சளோ செம்மஞ்சளோ வந்து அமர்கின்றது. அயலூர்ப் பூ நம்மூர்ச் சேலைக்கரையின் நிறத்தைப் பெறுகின்றது. நகல் தன் மூலத்தை விட்டு விலகும் இவ்விடமே திறனாய்வாளர் முதலிற் பார்க்க வேண்டிய இடம். பற்றாக்குறையிலிருந்து பிறந்த தெரிவாயினும் அது தெரிவே.

இக்கைவேலையைப் பதிவு செய்வதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. அவ்வாறு சென்றவர்களிற் பலர், தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழக அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் திட்டத்தில், மீண்டும் தேயிலை மலையிலேயே குடியேறினர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே சப்ரகமுவத் தோட்டங்களும் தாக்கப்பட்டன, லயங்கள் எரிந்தன. இத்தகைய வரலாற்றில் துணிக்கு நீண்ட ஆயுள் இருத்தல் அரிது. பெட்டியில் மடித்து வைத்த மேசை விரிப்பு, கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் இல்லாதவர்களின் வீட்டில் யாரும் தேடிவந்து காக்கும் பொருளன்று.

பலஸ்தீனப் பெண்களின் குறுக்குத் தையலோடு இதனை ஒப்பிடலாம். 1948இல் ஊர்களை இழந்து அகதிகளானவர்கள், தத்தம் ஊருக்குரிய தையல் வடிவங்களை மறவாது தைத்துவந்தனர். எந்த ஆடை எந்த ஊருக்குரியது என வடிவத்தைக் கொண்டே கூறத்தக்க அளவுக்கு அவ்வறிவு பேணப்பட்டது. 2021இல் யுனெஸ்கோ அதனை மானிடத்தின் அருவ மரபுரிமையாகப் பட்டியலிட்டது. அங்கு இழந்த ஊரைத் துணி நினைவில் வைத்தது. லயத்துத் தலையணை உறையில் அத்தகைய ஊரடையாளம் இல்லை. அதற்காக அது வெறுமையானதும் அன்று. ஊரென்று உரிமையோடு சொல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர், வீடென்று சொல்லத்தக்க ஒன்றை ஓர் அறைக்குள் உண்டாக்கிய முயற்சி அதிற் பதிந்துள்ளது. வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடி இடுவதற்கு உரிமையற்றிருந்த கைகள், துணியில் ஆயிரக்கணக்கான புள்ளடிகளைப் பிழையின்றி இட்டிருக்கின்றன.

இரண்டாவது தீர்ப்பாகிய வருமான நோக்கினை இப்போது மதிப்பிடலாம். வறுமையுள்ள இடத்தில் வருமானம் பற்றிய பேச்சினை இழிவாகக் கருதுதல் முறையன்று. தைத்து விற்க விரும்புவோர்க்கு நல்ல விலையும் நேரடிச் சந்தையும் கிடைத்தல் வேண்டும். ஆனால் வருமானமே ஊசிவேலைக்கு நியாயம் என்றால், அதன் முடிவு எங்கே என்பதையும் காண வேண்டும். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. தோட்டங்களின் இளம்பெண்கள் பலரும் அவற்றிற்குச் சென்றனர். அங்கும் தையலே தொழில். ஒருத்தி சட்டையின் கழுத்துப்பட்டியை மட்டுமே மணிக்கு இத்தனை என்று தைக்கிறாள். முழுச் சட்டை அவள் கைக்கு வருவதில்லை. கிலோவின் இடத்தை எண்ணிக்கை இலக்கு எடுத்துக்கொண்டது, அவ்வளவே. ஊசி ஒன்றாயினும் தொழில் வேறு. வீட்டுப் பூவேலையையும் அதே கணக்குக்குள் இழுத்துவிட்டால், பிறர் எண்ணாத கடைசிப் பொழுதும் அப்பெண்ணிடமிருந்து போய்விடும். ஒரு பெண் தன் மகிழ்ச்சிக்காகத் தைத்தாள் என்பது ஓர் இரக்கத்திற்குரிய காரணமன்று. கலைக்கு அதுவே போதிய காரணம்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, லயத்து ஊசிவேலையை மதிப்பிட மூன்று வினாக்கள் துணைபுரியும்: கணக்கு எவ்வளவு செம்மையாக நடத்தப்பட்டுள்ளது? மூல மாதிரியிலிருந்து எங்கே, எதனால் விலகியுள்ளது? எதனைத் தன்னுள் அனுமதித்து எதனை மறுத்துள்ளது? இவ்வினாக்களால் நல்ல வேலையையும் சாதாரண வேலையையும் பிரித்தறியலாம். இரக்கத்தால் எல்லாவற்றையும் புகழ வேண்டிய தேவையும் எழாது.

செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பழைய ஐரோப்பிய மாதிரித் துணிகளில் தைத்தவளின் பெயரும் ஆண்டும் தைக்கப்பட்டிருப்பதனால் அவற்றின் வரலாற்றை எழுத முடிந்தது. நம்மவர் துணிகளிலோ பெயர் அரிது. இருப்பின் அதுவும் ஆங்கில முதலெழுத்தாகவே இருக்கும். அதற்குத் தாழ்வு மனப்பான்மை மட்டும் காரணமன்று. ஆங்கில எழுத்துகளுக்குக் கட்ட மாதிரிகள் எளிதிற் கிடைக்கின்றன. வளைவும் சுழியும் மிகுந்த தமிழெழுத்தைச் சதுரக் கட்டத்தில் அமைப்பது கடினம். ‘ஞ’கரத்தையும் ‘ழ’கரத்தையும் ஏழு கட்ட உயரத்துள் அடக்குவதற்கு எழுத்தறிவும் கைத்திறனும் ஒருங்கே வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் கட்டத்தாளில் தமிழெழுத்துகள் முழுவதற்கும் மாதிரி வரைந்து தோட்டப் பாடசாலைகளுக்கு வழங்குவது இயலாத காரியமன்று. கண்காட்சிகளில் இக்கைவேலை வைக்கப்படும்போது, ‘மலையகப் பெண்களின் கைப்பணி’ என்ற பொதுப்பெயரோடு நிறுத்தாது, இன்னார், இன்ன தோட்டம், இன்ன ஆண்டு என எழுதி வைத்தலும் வேண்டும். பெல்மதுளையில் ஒருத்தி அடுத்த மழைநாளில் தைக்கும் மேசை விரிப்பின் மூலையில், அவள் பெயர் தமிழில் நிற்குமாயின், இத்துறையின் திறனாய்வுக்கு முதலாவது ஆதாரம் கிடைத்ததாகும்.